இரண்டாவது கோட்டில் ஒரு கறுப்பு பட்டன்

பெரியக்கா என் முகத்தைப் பார்க்காமல் என் காதைப் பார்த்துப் பேச ஆரம்பித்தபோது, அவளுக்கு என்மேல் ஏதோ வருத்தம் என்றுதான் நினைத்தேன். மனசுக்குள் வைத்துப் புழுங்குகிற ஆள் நானில்லை. கேட்டேவிட்டேன்.

"வருத்தமெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி. உன் மூக்கு இருக்கிற எடத்துல ஒரு புகை நிக்குது. காதப் பார்த்தா மூக்கு கொஞ்சம் தெரியுது. மூக்கையே பார்த்தா நீயே இல்ல" என்றாள்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்க்கிறவன். அவள் சொன்ன விதத்திலேயே இது கண்ணாடி போட்டுத் தீருகிற குறை இல்லை என்று தெரிந்தது. டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணின் பின்பக்கம், நட்டநடுவில் தேய்ந்துவிட்டது, ஓரங்கள் மிஞ்சும், நடுப்பகுதி திரும்ப வராது என்று அவர் சொன்னார். திரும்பி வருகிற வழியெல்லாம் தூறல். பெரியக்கா என் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. வாசலுக்கு வந்ததும்தான் வாயைத் திறந்தாள்.

"யார்கிட்டயும் மூச்சு விடாத. முக்கியமா குச்சி டீச்சர்கிட்ட."

குச்சி டீச்சர் என்பவர் நடனப் பள்ளியை நடத்துகிறவர். தாளத்துக்குத் தரையில் ஒரு குச்சியைத் தட்டுவதால் பிள்ளைகள் வைத்த பெயர் அது. பள்ளிக்கூடத்தின் கொல்லைப்புறத்தில் கீழே இரண்டு அறை, மேலே ஓர் அறை. மேலே நான் வாடகைக்கு இருந்தேன். கீழே அக்கா தங்கை இரண்டு பேரும்; எனக்கு உறவில்லை, பெரியக்கா, சின்னக்கா என்று கூப்பிட்டுப் பழகிவிட்டேன். நடன வகுப்புகளுக்குப் பியானோ வாசிக்கிறவருக்கு என்று பள்ளிக்கூடம் ஒதுக்கிய அறைகள் அவை. பெரியக்கா வாசிக்கிறவரைக்கும் அவர்களுக்கு அந்தக் கூரை உண்டு. வாசிப்பு நின்றால் அடுத்து வாசிக்க வருகிறவர் பெட்டி படுக்கையோடு வந்து நிற்பார். இது மூன்று பேருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

சின்னக்கா பள்ளிக்கூடத்துக்கு நடன உடை தைப்பவள். அவளுடைய தையல் அறைக்கும் நடனக் கூடத்துக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் பெரியக்காவின் பியானோ, இந்தப் பக்கம் சின்னக்காவின் மிஷின். இத்தனை வருஷமாக அந்தப் பியானோவைக் கேட்டுக்கேட்டு அவள் கால் தானாகவே அதோடு சேர்ந்து மிதிக்கும். மெதுவான பாட்டு வந்தால் பாவாடை ஓரம் அடிப்பாள். துள்ளல் பாட்டு வந்தால் கொசுவம் பிடித்துத் தைப்பாள். "இன்னிக்கு அக்கா மெதுவாவே வாசிச்சுட்டிருக்கா, எனக்குக் கொசுவ வேலை அப்படியே கெடக்கு" என்று குறைப்படுவாள்.

வீட்டிலும் ஒரு பியானோ இருந்தது. பள்ளிக்கூடம் கழித்துக் கட்டியது. இரண்டு கட்டைகள் அழுத்தினால் அழுந்தும், சத்தம் வராது. உருளைக்கிழங்கு வேகிற நேரத்தில் சின்னக்கா அதன் முன்னால் உட்கார்ந்து, காலையில் சுவர் வழியாகக் கேட்டதை மாலையில் வாசிப்பாள். சத்தம் வராத கட்டைகளைச் சுற்றிக்கொண்டு போக அவளுக்கு ஒரு வழி இருந்தது. கேட்கிறவனுக்குக் குறை தெரியாது. பாட்டு எழுதிய தாளில் அவளுக்கு ஒரு எழுத்து, ஒரு கோடு வாசிக்கத் தெரியாது. சின்ன வயதில் பெரியவளை மட்டும்தான் பாட்டு வகுப்புக்கு அனுப்பினார்கள். வீட்டுக்கு ஒருத்தி போதும் என்று அப்பா முடிவு செய்திருந்தாராம்.

"அவ வாசிக்கிறது நல்லாத்தான் இருக்கு" என்று நான் ஒருமுறை சொல்லிவைத்தேன்.

"நல்லா இருக்கும். கிளி பேசினாக்கூடத்தான் நல்லா இருக்கு. அதுக்காக அதுகிட்ட போய் கதை கேப்பியா?" என்றாள் பெரியக்கா. "தாள்ல என்ன இருக்கோ அதுதான் தம்பி பாட்டு. நான் தாள்ல இல்லாதத ஒருநாளும் வாசிச்சதில்ல."

சின்னக்கா இதையெல்லாம் கேட்டுக்கொண்டே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பாள். கோபப்படுகிற சுபாவம் அவளுக்குக் கிடையாது. எனக்குத்தான் கோபம் வரும்.

கண் மங்கிய பிறகும் பெரியக்கா வகுப்புகளுக்குப் போய்க்கொண்டிருந்தாள். பழைய பாட்டுகள்தானே, விரலுக்கே தெரியும். ஆனால் தாள் முன்னால் இருக்க வேண்டும். கண்ணுக்கு அது வெறும் வெள்ளைப் புகைதான். ஆனாலும் இருக்க வேண்டும். ஒருநாள் சின்னக்கா உடை அளவு எடுக்கக் கூடத்துக்குப் போனவள், அக்காவுக்கு முன்னால் தாள் தலைகீழாக இருப்பதைப் பார்த்திருக்கிறாள். பெரியக்கா ஒரு பிசகு இல்லாமல் வாசித்துக்கொண்டிருந்தாளாம். இவள் குனிந்து காதோடு, "அக்கா, தாள் தலைகீழா இருக்கு" என்றதும் அப்படியே நின்றுவிட்டாள். எங்கே விட்டாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. தாளை நேராக வைத்த பிறகுதான் விரல் நகர்ந்தது. அந்த நேர் தாளும் அவளுக்குத் தெரியாது என்பது வேறு விஷயம்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில்தான் புதுப் பாட்டு வந்து ஏறியது. மூடுபனி இறங்க ஆரம்பித்த வாரம் அது. குச்சி டீச்சர் கொல்லைப்பக்கமாகவே வந்து ஒரு தாள்கட்டைக் கொடுத்தார்.

"நம்ம பிள்ளைங்களுக்குன்னே எழுதி வாங்கினது. இன்னும் யாரும் எங்கயும் வாசிக்கல. மாசக் கடைசியில மேடை. நீங்க தாளப் பார்த்தா அன்னிக்கே வாசிச்சிருவீங்க, இருந்தாலும் முன்னாடியே கொடுத்துட்டேன்" என்றார்.

"அதுக்கென்ன, பார்த்துக்கலாம்" என்றாள் பெரியக்கா, டீச்சரின் காதைப் பார்த்து.

அவர் போனதும் இரண்டு பேரும் தாளை மேஜையில் வைத்துவிட்டு எதிரெதிரே உட்கார்ந்தார்கள். தாள் படிக்கத் தெரிந்தவளுக்குக் கண் இல்லை. கண் இருக்கிறவளுக்குத் தாள் தெரியாது. காதில் வாங்கிக்கொள்ளலாம் என்றால் உலகத்தில் யாரும் அதை இன்னும் வாசிக்கவில்லை. சட்டியில் சூப் கொதித்து வழிந்தது. யாரும் எழுந்து போகவில்லை, நான்தான் போய் அடுப்பை அணைத்தேன்.

"இதுல என்ன இருக்குன்னு நீ சொல்லு, நான் வாசிக்கிறேன்" என்றாள் பெரியக்கா கடைசியில்.

"எனக்கு என்னக்கா தெரியும்?"

"தெரிய வேண்டாம். கண்ணுல பட்டதச் சொல்லு, போதும்."

சின்னக்கா தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள்.

"முதல்ல ஒரு நத்தை சுருண்டு படுத்திருக்கு."

"அது எல்லாத் தாள்லயும் படுத்திருக்கும். விடு. அடுத்தது?"

"மூணுன்னு ஒரு எண்ணு. அதுக்குக் கீழ நாலு."

"சரி. மூணு மூணா எண்ணணும். அப்புறம்?"

"ஒரு கறுப்பு பட்டன். அதுல ஒரு ஊசி மேல பார்த்து நிக்குது."

"எந்தக் கோட்டுல?"

"மேல இருந்து எண்ணவா, கீழ இருந்தா?"

"கீழ இருந்து. பாவாடைக்கு நீ எங்க இருந்து அளவு எடுப்ப?"

"இடுப்புல இருந்து."

"இதுக்குத் தரையில இருந்து எடு."

"அப்ப ரெண்டாவது கோடு."

"சோல்" என்று அந்தச் சுரத்தின் பெயரைச் சொல்லிப் பெரியக்கா ஒரு கட்டையை அழுத்தினாள்.

"அடுத்தது வெள்ளை பட்டன். உள்ள ஓட்டையா இருக்கு. கோட்டுல இல்ல, மூணாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவுல கெடக்கு."

"டோ. வெள்ளைன்னா ரெண்டு எண்ணுற வரைக்கும் நீட்டு."

"அடுத்த வெள்ளை பட்டனுக்குப் பக்கத்துல ஒரு சின்னப் புள்ளி இருக்குக்கா."

"ரொட்டித் தூளா இருக்கும். தட்டிவிடு."

"போகல."

"நகத்தால சுரண்டிப் பாரு."

"அச்சுலயே இருக்கு."

"அப்ப இன்னும் பாதி சேர்த்து நீட்டணும். தாள்மேல வச்சு ரொட்டி திங்கிற பழக்கம் உனக்கு உண்டு, அதனால கேட்டேன்."

முதல் நாள் ஒரு வரி தேறியது. மறுநாள் பெரியக்காவுக்கு அந்த வரியும் மறந்துபோயிருந்தது. காதில் கேட்டதை வைத்துக்கொள்ளும் பழக்கம் அவளுக்கு இல்லை. தாளில்தான் இருக்கிறதே, மண்டையில் எதற்குச் சுமக்க வேண்டும் என்று வாழ்ந்தவள். சின்னக்கா அந்த வரியை முழுதாக வாசித்துக் காட்டினாள். பெரியக்காவின் முகம் சுருங்கியது.

அதற்குச் சின்னக்காவே ஒரு வழி கண்டுபிடித்தாள். இஸ்திரி போடும் மேஜைக் கம்பளியின்மேல் ஐந்து நூல்களை இழுத்துக் குண்டூசி குத்தி நிறுத்தினாள். பட்டன் டப்பாவைக் கவிழ்த்தாள். பெரியக்காவின் விரல் கறுப்புக்கும் வெள்ளைக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க வேண்டுமே, அதனால் கறுப்புக்குச் சட்டை பட்டனும், வெள்ளைக்கு, குளிர்கோட்டில் தைக்கிற, நடுவில் பெரிய ஓட்டை இருக்கிற வளையமும் வைத்தாள். ஊசிக்கு ஊசி. தாளைப் பார்த்துப் பார்த்து நூல்மேல் ஒவ்வொன்றாக அடுக்கிக்கொடுப்பாள். பெரியக்கா கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவி, "சி... ரே... இது என்ன, நூலத் தொடுதா தொடலயா? ஒழுங்கா வை" என்று அதட்டிக்கொண்டே போவாள். ஒரு வரி முடிந்ததும் எழுந்து போய்ப் பியானோவில் வாசிப்பாள். சின்னக்கா பட்டன்களை வாரிவிட்டு அடுத்த வரியை அடுக்குவாள்.

நான் கடைவிட்டு வந்ததும் நேராகக் கீழேதான் போவேன். வெளியே பனி. தெருவிளக்கு இருக்கிற இடத்தில் ஒரு மஞ்சள் பூச்சு மட்டும் தெரியும். உள்ளே இஸ்திரிப் பெட்டியின் ஆவியும் ரொட்டி வாட்டிய வாசனையும். பெரியக்காவின் விரல் பட்டன்கள்மேல் மெதுவாக நடந்து போகும். அந்த அறையில் உட்கார்ந்திருந்தால் பகலா இரவா என்று தோன்றாது. எனக்குப் பசிக்கவும் செய்யாது. இரண்டு பேரையும் யாரும் அங்கிருந்து கிளப்பிவிடக் கூடாதே என்று மட்டும் நினைத்துக்கொண்டிருப்பேன்.

ஒரு சாயங்காலம் பெரியக்கா கட்டிலில் கண்ணயர்ந்திருந்தாள். சின்னக்கா பிள்ளைகளின் வெள்ளைப் பாவாடைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். தாள் பக்கத்தில் விரித்துக் கிடந்தது. அடுத்து அடுக்க வேண்டிய வரியை அவள் சும்மா பார்த்தாள். நான் டீ ஆற்றிக்கொண்டிருந்தேன். அவள் கை நின்றது. இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்தாள்.

"தம்பி, யாராவது வாசிக்கிறாங்களா?" என்றாள்.

"இல்லயே. வகுப்பு முடிஞ்சு எல்லாரும் போயாச்சே."

"எனக்குக் கேக்குது."

அவள் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. உதடு அசைந்தது. கண் வரியோடு நகர்ந்தது, வரி முடிந்ததும் கீழே இறங்கியது. நான் டீயைக் கீழே வைத்தேன். கூரையிலிருந்து பனி சொட்டுகிற சத்தம் தவிர அந்த வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. அவள் மட்டும் எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் நீர் கட்டியது. இதுவரை யாராவது வாசித்தால்தான் அவளுக்குப் பாட்டு. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தால்தான் உண்டு. இப்போது யாரும் கொடுக்காமல் ஒன்று வந்திருந்தது.

"அடுத்த பக்கமும் கேக்குதுடா" என்று மெதுவாகச் சொன்னாள். அந்தப் பாவாடையை அன்றைக்கு அவள் இஸ்திரி போட்டு முடிக்கவில்லை.

அக்காவிடம் அவள் இதைச் சொல்லவில்லை. பட்டன் அடுக்குவதையும் நிறுத்தவில்லை. முழுப் பாட்டும் தலைக்குள் ஓடுகிறது, ஆனாலும் ஒவ்வொரு பட்டனாக வைத்து அக்காவின் விரல் வரும்வரை காத்திருந்தாள். எதற்கு இந்த நாடகம் என்று கேட்டேன். "அவ கையில இருந்து நானாப் பிடுங்க மாட்டேன் தம்பி" என்றாள்.

பிடுங்க வேண்டிய தேவையும் இல்லாமல் போயிற்று. ஒரு காலையில் பெரியக்கா கூடத்துக்குள் நுழைந்து, கோட்டு மாட்டும் கட்டையில் தொங்கிய நீளமான கோட்டைப் பார்த்து, "வணக்கம் டீச்சர், இன்னிக்குப் பனி ஜாஸ்தி" என்றிருக்கிறாள். கோட்டு பதில் சொல்லவில்லை. மூன்றடி தள்ளி நின்ற டீச்சர் பதில் சொன்னார். அவர் நல்ல மனுஷிதான். பிள்ளைகள் முன்னால் எதுவும் கேட்கவில்லை. வகுப்பு முடிந்ததும் கொல்லைக்கு வந்தார்.

"எவ்வளவு நாளா?" என்றார்.

பெரியக்கா சுவரைத் தடவிப் பிடித்துக்கொண்டாள். சின்னக்காதான், "நான் வாசிக்கிறேன் டீச்சர். புதுப் பாட்டு எனக்கு வரும்" என்றாள்.

"நீங்களா? நீங்க தாள் பார்ப்பீங்களா?"

"பார்ப்பேன்."

பெரியக்கா தங்கை இருந்த பக்கம் திரும்பினாள். நேராகத் திரும்பினாள். அதனால் அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

"சரி, நாளைக்கு வாங்க. பார்ப்போம். பிள்ளைங்களுக்குச் சரியா அமைஞ்சா நீங்களே இருங்க. இல்லன்னா..." என்று டீச்சர் நிறுத்தினார். "மேடை நெருங்கிருச்சு, எனக்கு வேற வழி இல்ல."

மறுநாள் காலையில் சின்னக்கா தலை வாரி, நல்ல உடை உடுத்திக் கூடத்துக்குப் போனாள். பெரியக்கா கட்டிலைவிட்டு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு தையல் அறைக்குப் போய் மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். எனக்கு அன்று கடை விடுமுறை. துணைக்கு உட்கார்ந்தேன்.

புதுப் பாட்டு சுவர் வழியாக வந்தது. பெரியக்கா காதைச் சுவரில் ஒட்டிக்கொண்டாள். நடுவில் ஒரு தடவை, "அந்தப் புள்ளிய மறக்கல" என்றாள், அவ்வளவுதான். குச்சி நிதானமாகத் தட்டிக்கொண்டிருந்தது. எனக்குப் பாதி உயிர் வந்தது.

கடைசியாக, எப்போதும் வகுப்பை முடிக்கிற பழைய மெதுவான பாட்டு தொடங்கியது. பெரியக்கா ஆயிரம் தடவை வாசித்த பாட்டு. சின்னக்கா அதை வைத்து எத்தனையோ பாவாடை ஓரம் அடித்திருப்பாள். தூக்கத்தில் எழுப்பினாலும் வாசிப்பாள். அது ஒரு மேட்டில் ஏறுவது மாதிரி ஏறி, உச்சியில் ஒரு கணம் நின்று, பிறகு இறங்கும். அன்று அது ஏறியது. நிற்கவில்லை. ஏறின வேகத்திலேயே இறங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் தடதடவென்று சத்தம். ஒரு பிள்ளை அழுதது. குச்சி நின்றுவிட்டது.

"ஏன் ஓடினா?" என்று எழுந்தே விட்டாள் பெரியக்கா.

சின்னக்கா திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. கையில் அந்தப் பழைய தாள்.

"பிள்ளைங்க கையத் தூக்கிட்டு நின்னுச்சுங்க. நான் நிக்கல. பின்னால இருந்ததுங்க முன்னால வந்து மோதி, ஒண்ணுமேல ஒண்ணு விழுந்துருச்சு. டீச்சர் நாளைக்கு இன்னொரு தடவை பார்க்கிறாங்களாம். நாளைக்கும் இப்படின்னா வேற ஆளுக்குச் சொல்லிவிட்ருவாங்களாம்."

"ஏன் நிக்கல நீ?"

"தாள்ல இல்லக்கா."

"என்ன இல்ல?"

"நிக்கச் சொல்லல. எனக்கும் நின்னுதான் பழக்கம். தாளப் பார்த்தேன். அங்க ஒண்ணுமே இல்ல. தாள்ல என்ன இருக்கோ அதுதான் பாட்டுன்னு நீதான சொல்லுவ. அதான் ஓடிட்டேன்."

"உனக்குப் படிக்கத் தெரியலன்னு சொல்லு."

"தெரியுது."

"நாலு பட்டன அடுக்கிட்டா தெரிஞ்சிருமா? அங்க இருக்கு. நான் தாள்ல இல்லாதத வாசிச்சதே இல்ல. என் ஆயுசுல வாசிச்சதில்ல."

"சரி, நான் சொல்றேன், நீயே கேளு" என்று சின்னக்கா தாளைப் பிரித்தாள். "முதல் பக்கம், கடைசி வரி. நாலாவது கோட்டுல கறுப்பு. அடுத்தது அஞ்சாவது கோட்டுல கறுப்பு. அதுக்கு மேல, கோட்டுக்கு வெளிய, வெள்ளை. அதோட பக்கம் முடியுது. அடுத்த பக்கம் எடுத்த எடுப்புல அஞ்சாவது கோட்டுல கறுப்பு. நடுவுல ஒண்ணுமில்ல. மேல கீழ எதுவுமில்ல. சுரண்டியும் பார்த்துட்டேன்."

"அச்சுல விட்டிருப்பான்."

"அக்கா..."

"தள்ளு, நான் காட்டுறேன்."

பெரியக்கா வீட்டுப் பியானோ முன்னால் போய் உட்கார்ந்தாள். தாள் சின்னக்காவின் கையிலேயே இருந்தது. வைக்கச் சொல்லிக் கேட்கவும் மறந்துவிட்டாள், அத்தனை கோபம். முன்னால் வெறும் பலகைதான். விரல்களை வைத்து வாசிக்க ஆரம்பித்தாள். சத்தம் வராத கட்டைகள் இரண்டு இடத்தில் பொக்கென்று போயின. பாட்டு மேட்டில் ஏறியது. உச்சிக்கு வந்தது. அங்கே, வலது கை அந்தக் கடைசிக் கட்டையை அழுத்திக்கொண்டிருக்கும்போதே, இடது கை தானாக எழுந்து பலகைக்கு முன்னால் போய், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாக எதையோ பிடித்து, வலமிருந்து இடமாகத் திருப்பியது. பிறகு இறங்கி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தது. பாட்டும் இறங்கத் தொடங்கியது.

நானும் சின்னக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்த்திருந்தால் நான் அழுதிருப்பேன்.

இரண்டு சுரம் போயிருக்கும். பெரியக்கா நிறுத்தினாள். அதே இடத்தை மறுபடி வாசித்தாள். கை மறுபடி எழுந்தது. இந்தத் தடவை அது அந்தரத்திலேயே நின்றது. அவள் முகத்தைக் கொஞ்சம் சாய்த்து ஓரக்கண்ணால் அந்தக் கையைப் பார்த்தாள். யாருடைய கையோ என்பது போல வெகுநேரம் பார்த்தாள்.

"பக்கத்தத் திருப்பிருக்கேன்" என்றாள்.

"ஆமாக்கா."

"தாளே இல்ல. இல்லாத தாளத் திருப்பிருக்கேன்."

சின்னக்கா கையிலிருந்த தாளை மூடினாள்.

"இத்தனை வருஷமா திருப்பித் திருப்பி... அந்தப் பிள்ளைங்களும் அதுக்குக் கையத் தூக்கி நின்னுச்சுங்களா?"

"வளர்ந்து பெரிசாகிப் பள்ளிக்கூடத்தவிட்டுப் போனதுங்களும் அப்படித்தான் நின்னுச்சுங்க. டீச்சர் இன்னிக்குச் சொன்னாங்க, அந்த நடனத்துலயே அவங்களுக்குப் பிடிச்சது அந்த எடம்தானாம். இன்னும் ஏதாவது கேட்டா அழுதுருவாங்க போல இருந்துச்சு. எனக்கும் அதுதான் பிடிக்கும். அந்த எடம் வரும்போது நான் மிஷின நிறுத்திருவேன். எனக்குத் தெரியாதுக்கா, பாட்டுன்னே நெனச்சேன்."

பெரியக்காவின் கை மெதுவாக மடியில் இறங்கியது. அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன், அல்லது தாளைக் கிழிப்பாள் என்று. வெளியே பனி ஜன்னல்வரைக்கும் வந்து நின்றது. பிறகு அவள் தோள் குலுங்கியது. பயந்துபோய்க் கிட்டே போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கிளின்னு உன்னச் சொன்னேனே" என்றாள். சிரிப்பு நடுவிலேயே உடைந்து கொஞ்சம் அழுகையாகவும் ஆனது. சின்னக்கா பின்னாலிருந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பெரியக்கா நிமிர்ந்தாள்.

"பென்சில் இருக்கா?"

"துணிக்குக் குறி போடுறது இருக்கு."

"எடு. தாள மடியில வச்சுக்க. அந்த வெள்ளைப் பட்டன் எங்க இருக்கு?"

"இங்க."

"அதுக்கு மேல ஒரு பிறை போடு. வளைவு மேல பார்த்து இருக்கணும். குடை மாதிரி."

சின்னக்கா பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு, ஊசியில் நூல் கோர்க்கிறபோது வைத்துக்கொள்கிற முகத்தோடு, மூச்சடக்கி வரைந்தாள். அவள் வாழ்நாளில் எழுதிய முதல் சுரக்குறி அது.

"போட்டேன்."

"அதுக்குள்ள ஒரு புள்ளி."

"போட்டேன்."

"பெருசா இருக்கா? நாளைக்கு ரொட்டித் தூள்னு தட்டிவிட்றாத."

"இல்லக்கா, நல்லாத் தெரியுது."

"இப்ப அது தாள்ல இருக்கு" என்றாள் பெரியக்கா. "இனிமே அங்க நிக்கலன்னா தப்பு உன்னுது."

சின்னக்கா தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள், கிட்டத்தில் கொண்டுவந்து பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"எவ்வளவு நேரம் நிக்கணும்னும் போடணுமாக்கா?"

"அதப் போட மாட்டாங்க. அது வாசிக்கிறவ இஷ்டம்" என்று சொல்லி, பெரியக்கா பலகையைப் பிடித்துக்கொண்டு முக்காலியிலிருந்து எழுந்து, தங்கைக்கு இடம் விட்டாள்.